சுபுஹுக் கயிறு

தூத்துக்குடி
14-2-1975

அன்புள்ள சிலுவைக்கு,

இறையருளால் நலம். உன் உப்புத் தோணி பத்திரமாகக் கொச்சி சேர்ந்ததென்று உன் மச்சான் ரோச் சொன்னான். என் காதுக்குள் கத்தித்தான் சொன்னான். காய்ச்சல் கொண்டுபோன காது திரும்பவே இல்லை. அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது இளையவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். காரணத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டக்கூட ஒருவருக்கும் மனமில்லை. அதை விடு. இது உனக்கு நன்றி சொல்லும் கடிதம்.

விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபுஹு பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக உண்டு: தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது. அந்த வரி எனக்குக் கேட்காமல் போனபோது நான் அழுததைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். "வல இழுக்குத கைக்கு ஒரு கயிறு பாரமா அண்ணாச்சி? கடலுக்குப் போற வழிதான, இழுத்துட்டுப் போறேன்" என்றாய். நீ கொண்டுவந்த கயிற்றின் ஒரு முனை என் மணிக்கட்டில், மறுமுனை ஜன்னலுக்கு வெளியே. இரண்டு வருஷம் ஒரு சுபுஹும் எனக்குத் தவறவில்லை. கடலுக்குப் போகாத ஞாயிறுகளிலும் இதற்கென்றே எழுந்து வந்தாய்.

நீ போனபின் ரோச் இழுப்பான் என்றாய். கயிறும் தவறாமல் அசைந்தது. ஆனால் நீ இழுப்பது படகைக் கரையேற்றுவது போல; இது குழந்தையை எழுப்புவது போல. போன வெள்ளிக்கிழமை முன்னதாகவே விழிப்பு வந்துவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஜன்னலருகே ஒரு கை தெரிந்தது. பெருவிரல் நகம் பிளந்த கை. சின்ன வயதில் நான் கதவைச் சாத்தி நசுக்கிய விரல். என் உடன்பிறந்த மகுதூம்.

பெண்பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரையாவது படிக்கவைக்க வேண்டும் என்று ஜமாஅத் கூட்டத்தில் நான் பேசியபோது, எதிர்த்து முதலில் எழுந்தவன் அவன். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. தொழுகை முடிவில் வலமும் இடமும் திரும்பி ஸலாம் சொல்வோம். அதுகூட அவன்மேல் விழக் கூடாதென்று இடம் பார்த்து நிற்பவன் நான்.

தூங்குகிறவனைப் போலவே கிடந்தேன். மூன்று முறை இழுத்துவிட்டுப் போனான். ரோச்சைப் பிடித்து விசாரித்தேன். "மச்சான்தான் அவியகிட்ட சொல்லிட்டுப் போனாவ அண்ணாச்சி. ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னும் சொன்னாவ" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் பள்ளிவாசலில் மகுதூமுக்கு இடப்பக்கம் போய் நின்றேன். வலப்பக்கம் திரும்பிச் சொன்ன ஸலாம் அவன்மேல் விழுந்தது. இடப்பக்கம் திரும்பியபோது என் பிடரிக்குப் பின்னாலிருந்து அவனுடைய ஸலாம் வந்திருக்கும். காதுக்குத்தான் தெரியாது. கூட்டத்தில் அவன் பேசியதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. மறக்கவில்லை. ஆனாலும் அன்று வெளியே வந்து பார்த்தபோது, விடிந்திருந்தது எனக்கு நன்றாக இருந்தது.

தம் சமூகத்தாரின் அதிகாலையில் பரக்கத் என்னும் அருள்வளம் தரும்படி எங்கள் நபிகள் நாயகம் இறைவனிடம் கேட்டார்கள். இருட்டிலேயே கடலில் இறங்குகிற உன்னையும் சேர்த்து நான் தினமும் கேட்கிறேன். ஆண்டவன் உன்னைச் சுகமாகக் கரைசேர்ப்பானாக. வந்ததும் வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

கயிற்றை மட்டும் திருப்பிக் கேட்காதே.

உன் அண்ணாச்சி,
மு. செய்யிது மீரான்