ஐந்தாவது பெட்டி

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீ இருந்தபோது வாய் திறக்காதவள் இப்போது மடல் எழுதுகிறேன்.

இன்று தேக்கா சந்தையில், காய்கறிக் கடை வாசலில் காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர அட்டையும் கறிவேப்பிலையும் கலந்த வாசனை. பல்கலைக்கழகப் போட்டிக்கு நம் அணி செய்த ரோபோவுக்கு அடுக்கப் பழக்கிய பெட்டிகளும் அங்கே வாங்கியவைதான். எம்ஆர்டி ரயிலில் தூக்கிப் போனபோது, "வீடு மாத்துறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இல்ல அங்கிள், கட்டுறோம்" என்றாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போட்டியில் ஐந்து பெட்டிகளை அடுக்க வேண்டும். ஐந்தாவதை வைத்துவிட்டு நம் ரோபோ பின்வாங்கும்போதெல்லாம் கோபுரம் சரிந்தது. கைகள் முழுதாகத் திறப்பதற்குள் சக்கரம் நகர்வதை நீதான் கண்டுபிடித்தாய். "விட்டதும் ஓடக்கூடாது லா. அரை செகண்ட் நிக்கட்டும்."

அந்த அரை வினாடியை நிரலில் எழுதியவள் நான். இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் அழித்தவளும் நான். எதிரணி நம்மைவிட இரண்டு வினாடி முந்தியிருந்தது. ஐந்து பெட்டிக்கு இரண்டரை வினாடி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீ ரிமோட்டில் ரோபோவை ஓட்டினாய். நான்கு பெட்டிகள் நின்றன. ஐந்தாவது அமர்ந்தது. கைகள் திறக்கத் தொடங்கியதுமே ரோபோ பின்னால் வந்தது. பெட்டியும் கூடவே வந்தது.

என் மடிக்கணினியில் அந்த வரி இல்லாததைப் பார்த்தாய். பிறகு என்னை. திரையை மெதுவாக மூடிவிட்டு அணியிடம் சொன்னாய்: "கை நடுங்கிருச்சு, சாரி லா."

"கோப்பி குடிச்சா கை நடுங்கத்தான் செய்யும், இனிமே உனக்கு கிடையாது" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். ஒரு தப்பு செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். விழுந்த பெட்டியை எடுத்து மடித்தேன்.

மறு ஆண்டு உன் தலைக்குள் கட்டி என்றார்கள். ஏழு மாதம்தான் இருந்தாய்.

இப்போது பூன் லே பக்கம் ஒரு கிடங்கில், பெட்டி அடுக்கும் எந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறேன். எல்லாவற்றிலும் அந்த அரை வினாடியை வைத்திருக்கிறேன். எதற்கு என்று மேலாளர் கேட்டால், "அது வேணும்" என்று மட்டும் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸில் உங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்கிறார். "போட்டி அன்னைக்கே கை நடுங்குச்சுன்னு சொன்னாளேம்மா. நான்தான் கவனிக்கல. அப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பாளா?" தேநீர் ஆறிப்போகும். ஆறியதைக் குடித்துவிட்டுக் கிளம்பி வருவேன்.

அன்று உன் கை நடுங்கவில்லை. அது தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

நாளை மறுபடி போகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். எனக்காக நீ சொன்ன அந்தப் பொய்யை, உம்மாவிடம் உடைக்க என்னை விடு.