மல்லாட்டைத் துரை சொன்ன 'போறேன்'

திண்டிவனம்
3.3.2025

இல்ல இளவரசி, கிழிச்சுப் போடல. நீ வரஞ்ச படத்தையா கிழிப்பேன்? மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டை மூட்டைங்க நடுவுல உக்காந்து பாத்துக்கினு தனியா சிரிச்சேன். "இன்னா கோகுலு, கழண்டுக்கிச்சா?"ன்னாங்க.

மல்லாட்டைத் துரை! வேர்க்கடலைக்கே ஒரு துரை, பேரே கெத்து. மல்லாட்டைத் தோலுல கோட்டு, தலைக்கு இட்லிக் குண்டான், ரெண்டு தொடப்பத்துல மீச. முதுவுல பறக்குற போர்வையில 47ன்னு நம்பரு வேற. மீசையில ஒரு பக்கம் திமிரு, ஒரு பக்கம் அழுவ. எப்புட்றி வரஞ்ச?

காலேஜ பாதியில வுட்டவன், எனக்கு இன்னா தெரியும்? ஆனா இது எல்லாருக்கும் வராது. இன்னொன்னு வரஞ்சு பொன்னி அக்காகிட்ட குடு. உங்க ஹாஸ்டல்ல சமச்சுட்டு தெனம் இங்கதான வருது.

அண்ணன்,
கோகுல்

விழுப்புரம்
10.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சிரிச்சத பொன்னி அக்கா நடிச்சே காட்டுச்சு. ஃபோன வாங்கி வச்சிட்டாங்க, உன் லெட்டர்தான் பத்து தடவ படிக்கிறேன்.

நீட் கோச்சிங் டெஸ்ட்ல இந்த வாட்டியும் நான்தான் கடைசி. ரெண்டாவது வருஷம்ணே. அப்பாகிட்ட சொல்லாத. "டாக்டரம்மா"ன்னுதான் கூப்புடுறாரு.

துரையோட இன்னொரு படம் உள்ள இருக்குது. நல்லாருக்குன்னு சொல்லு, போதும்.

போறேன்.
இளவரசி

திண்டிவனம்
10.3.2025, சாயங்காலம்

நல்லாதான் இருக்குது. குண்டான பொன்னி அக்கா தலையில கவுத்துட்டாரு, மீசைய உன் ரூம் பொண்ணுக்கு ஒட்டிட்டாரு. சிரிச்சேன். அப்பறம் பாத்தா கோட்டும் இல்ல. எல்லாத்தையும் குடுத்துட்டு, வெறும் போர்வையோட மொட்டமாடி செவுத்து மேல நிக்கிறாரு.

47. துணி மாறிடாம இருக்க ஹாஸ்டல்ல உனக்குக் குடுத்த நம்பருதான அது? இப்பதான் என் மண்டையில ஏறுது.

கீழ 'போறேன்'னு எழுதிருக்க. கடைக்குப் போனாகூட 'வர்றேன்'னுதான சொல்லுவ? காலேஜ வுட்ட அன்னிக்கு நான் 'போறேன்'னதுக்கு என் வாயிலயே ஒண்ணு வச்சது யாரு?

ஹாஸ்டலுக்கு மூணு வாட்டி அடிச்சேன். "ஞாயித்துக்கெழம பேசுங்க"ன்னு வச்சிட்டாங்க. விழுப்புரம் பஸ்ஸுல உக்காந்து எழுதுறேன், எழுத்தப் பாத்து சிரிக்காத.

டாக்டர் சீட்டு மண்ணாப் போவட்டும். அப்பாகிட்ட நான் பேசுறேன், நான் வாங்காத திட்டா? துரைய எறங்கச் சொல்லு. கோட்டு தைக்க இங்க தோலு மலையா கெடக்குது. எறங்கி உள்ள போயி யார் பக்கத்துலயாவது உக்காரச் சொல்லு, இளவரசி.

பஸ்ஸு எடுக்குறான். இத நானே கையில எடுத்துக்கினு
வர்றேன்.