அம்மா கேட்கப் பயந்த கேள்வி

என் உயிருக்குள் இருக்கிற தங்கச்சி சுதாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சின்னம்மா ஆகப்போகிறாய். எனக்கு ஆறாம் மாதம். பிள்ளைக்கு உன் வருத்தம், அந்த இரத்த நோய், வராது. இப்படியொரு வரியை உனக்கு எழுத முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மாதம் தவறாமல் உன்னை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தவள் நான்தானே. ஏற்றிய அன்று பஸ் முழுக்கக் கதைத்துக்கொண்டு வருவாய். மூன்று கிழமை போனால் படியேற மூச்சு வாங்கும். பத்தொன்பது வயதில் உன் இதயம் களைத்துப்போனது. அதன்பிறகு பதினொரு வருடம், என் இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கலியாணப் பேச்சு எடுத்தாலே எழும்பிப் போய்விடுவேன்.

போன வருடம் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெயர் கோகுலன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். பெண் பார்க்க வந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"என்ட தங்கச்சி தலசீமியாவில செத்தவ. நாம ரெண்டு பேரும் இரத்தம் சோதிக்காம நான் ஓம் சொல்லமாட்டன். ஏலாதெண்டா இப்பயே சொல்லிடுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோகுலன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோதிப்பம். ஊசியெண்டாத்தான் எனக்குக் கொஞ்சம் பயம்" என்றார். நீ இருந்திருந்தால் அப்போதே அவரை அத்தான் என்று கூப்பிட்டிருப்பாய், இல்லையா?

இரத்தச் சோதனை முடிவை வாங்கப் போன நாளில் அம்மாவும் எங்களோடு வந்தார். டொக்டர் ஓர் இளம் பெண். கடதாசிகளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இருக்கு. அவருக்கு இல்ல. பயப்பட ஒண்டுமில்ல" என்றார்.

"எனக்கு இருந்தா பிள்ளைக்கும் வருமே?"

"இரத்தத்தில சிவப்பைச் செய்யிறதுக்கு உடம்பில ரெண்டு குறிப்பு இருக்கு. ஒண்டு தாய் குடுத்தது, மற்றது தகப்பன் குடுத்தது. ஒண்டு பிழையெண்டா மற்றது சமாளிக்கும். நீங்க அப்பிடித்தான் நல்லா இருக்கிறீங்க. ரெண்டும் பிழையெண்டாத்தான் அந்தப் பெரிய வருத்தம். இவரிட்ட ரெண்டும் நல்லது. இவர் நல்லதைத்தானே குடுப்பார்."

நான் மூச்சுவிட்டேன். அப்போதுதான் அம்மா கேட்டார்.

"அப்ப, மருந்தடிச்சதால இல்லையா?"

"என்ன மருந்து அம்மா?"

உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது ஒரு நாள், அப்பா வயல் வட்டையில் வேளாண்மைக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருக்க, அம்மா சோறு கொண்டு போயிருக்கிறார். மருந்து மணம் ஏறி அன்று முழுக்க வாந்தியாம். அதனால்தான் நீ அப்படிப் பிறந்தாய் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், சுதா. உனக்கு ஒவ்வொரு ஊசி ஏறும்போதும் நினைத்திருக்கிறார். உன் கிளினிக்கில் 'பரம்பரை வருத்தம்' என்று சொல்லத்தான் செய்தார்கள். அம்மா கேட்கப் பயந்த கேள்வி யாருக்குத் தெரியும்?

டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்து அம்மாவின் கையைப் பிடித்தார். "இல்லம்மா. பிள்ள தரிச்ச அந்த நேரத்திலேயே அது முடிவாகிட்டுது. நீங்களும் பிள்ளைட அப்பாவும் ஒவ்வொண்டு குடுத்திருக்கிறீங்க. உங்க ரெண்டு பேருக்குமே அது தெரியாது."

"என்ட பிழை இல்லையா?"

"ஒருத்தரிட பிழையும் இல்ல."

அம்மா சத்தமில்லாமல் அழுதார். வெளியே வந்ததும், "பசிக்குது புள்ள" என்றார். கடையில் மூன்று தட்டு இடியப்பம் சாப்பிட்டார். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் கண்டதே இல்லை.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். முந்தி இந்தப் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சலாம். ஒரு குறிப்பு மட்டும் பிழையாக இருந்தவர்கள் அந்தக் காய்ச்சலில் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தப்பினார்களாம். அவர்கள் பிள்ளைபெற்று, அந்தப் பிள்ளைகள் பெற்றுத்தான் அது எங்கள் வரைக்கும் அழியாமல் வந்ததாம். நம் முன்னோரில் யாரையோ பிழைக்கவைத்தது பிறகு உன்னைக் கொண்டுபோயிருக்கிறது. அதன்மேல் நான் கோபப்படுவதா, நன்றி சொல்வதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் பிள்ளையும் என்னைப்போல ஒன்றைச் சுமக்கலாம், சுமக்காமலும் விடலாம். பாதிக்குப் பாதி. எதுவானாலும் ஒளிக்கமாட்டேன். வளர்ந்து யாரை விரும்பினாலும் முதலில் இரண்டு பேரும் போய் இரத்தம் பாருங்கள் என்பேன். ஏன் என்று கேட்கும்போது உன் பெயரைச் சொல்வேன். அழாமல் சொல்வேன், சுதா. இது சத்தியம்.

உன்னைச் சுமந்த வயிற்றிலேயே உனக்கு முன் இருந்து வந்த,
அக்கா