இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்களாம்

திண்டிவனம்
12.7.86

அன்புத் தம்பி துரைக்கண்ணுவுக்கு,

அக்கா கிருஷ்ணவேணி எழுதுவது. பட்டாளத்தில் உனக்கு மயிலம் முருகன் துணையிருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் மாமாவும் தெருப் பிள்ளைகளும் ஓடையில் குப்பை அள்ளுவதைப் போன கடிதத்தில் எழுதினேனே. தண்ணீர் ஓட ஆரம்பித்தது. கரையில் நட்ட புங்கங்கன்றுகள் துளிர்த்தன. சேற்றுக்கடியில் பழைய கல் படித்துறை வந்தது, படியெல்லாம் மீன் செதுக்கியிருந்தது. அந்தப் படிகள் நேரே நம் பெரியண்ணன் மரவாடிக்கு அடியில் போயின. அங்கேதான் பிடித்தது சனி. மரவாடி நிற்பது ஓடையைத் தூர்த்த இடம் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்றே!

செவ்வாய்க்கிழமை அண்ணன் ஆட்களோடு கடப்பாரை தூக்கிக்கொண்டு வந்தார். கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மீன் கல்லை உடைத்தார்கள். "வாணாம் மச்சான்" என்று மாமா குறுக்கே போனார். அண்ணன் கடப்பாரையை அவர் முழங்காலில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "ஒம் புருசன அள்ளிக்கினு போடி, இல்லாட்டி இன்னொரு காலும் போயிடும்" என்று மறுபடி ஓங்கினார். சேறு அள்ளிய இரும்புச் சட்டியாலேயே அவர் மண்டையில் போட்டேன். கூடப்பிறந்தவர் ரத்தம் என் முகத்தில் தெறித்தது. துளிகூட வருத்தமில்லை, எழுதி வைத்துக்கொள்.

இப்போது இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிறார்கள். அம்மா ஒரே தூக்குவாளியில் கேப்பைக் கஞ்சி கொண்டுபோய் இருவருக்கும் ஊற்றி, இருவரையும் திட்டிவிட்டு வருகிறாள்.

போலீஸ் கேட்டதற்கு அண்ணன், "பாசியில வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி கையால் அடி வாங்கியதைச் சொல்ல மீசை விடவில்லை. நான் ஜெயிலுக்குப் போய்விடுவேனோ என்று பயந்து மாமாவும், "நானும் வழுக்கித்தான் சார்" என்றாராம். யாரும் யாரையும் அடிக்கவில்லை என்றால் கேஸ் ஏது, கடப்பாரை ஏது? தையல் பிரித்த கையோடு அண்ணன் மிச்சப் படிகளையும் உடைத்து மண்ணடித்துவிடுவார்.

அதனால் நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். அடித்தது நான்தான், எதற்காக அடித்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். மாமாவுக்குத் தெரியாது. அம்மா என்மேல் மண்ணை வாரித் தூற்றுவாள், தூற்றட்டும்.

நீ லீவு கேட்டுக்கொண்டு வா. அண்ணன் மேல் கை வைக்காதே, நான் வைத்ததே போதும். என் மகள் அம்சாவுக்குத் தலை பின்ன அம்மாவுக்குக் கை நடுங்கும், நீ பின்னிவிடு. பிடுங்கி எறிந்த கன்றுகளில் ஒன்று வேர் அறாமல் கிடந்தது. தோட்டத்தில் ஊன்றி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குள் அதைக் கரையில் நட்டுவிடு.

நீ நூறு வயசு இருக்கணும் சாமி. அம்சா கேட்டால், உன் அம்மா வழுக்கி விழவில்லை என்று மட்டும் சொல்.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி