இருப்பதிலேயே மெதுவான லேப்டாப்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஏ.சி. ஓடவில்லை. மேலாளர் (எதற்கெடுத்தாலும் ஆஃபர் என்பதால் எங்களுக்கு அவர் ‘ஆஃபர்’) விலை குறைந்த லேப்டாப்புகளை எல்லாம் ஓரத்து அலமாரிக்குத் தள்ளச் சொன்னார். “கேட்டா மட்டும் காட்டு. நீயா காட்டாத.” தள்ளினேன். இடுப்பு வலி.

மார்ச் 7

கண்ணாடி வந்தார்.

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை. பழைய அலுவலகத்து மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கண்ணாடி’. யாரையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். நான் அங்கே டைப்பிஸ்ட். என் மேசைக் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்துபோகிறது என்று அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஆண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டிய நாளில் அது மொத்தமாக உறைந்து, செய்த வேலை எல்லாம் அழிந்தது. கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கச் சொன்னார்: “மிஷின் மேல பழி போடாத. மிஷின் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் ஒண்ணும் தெரியல.” அதோடு வேலை போயிற்று. பிறகு எந்த இடத்திலிருந்து என்னைப் பற்றி விசாரித்தாலும் அதையே சொல்லிவைத்தார். இரண்டு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்று அதே பார்வை. “ஏம்மா, நான் ரிட்டயர் ஆயிட்டேன். வீட்டுல வச்சுக்க ஒரு லேப்டாப் வேணும். நல்லதாப் பாத்துச் சொல்லு.”

அடையாளம் தெரியவில்லை. துளிகூட இல்லை. நான் பதினோரு வருடமாக அந்த முகத்தை மனதில் வைத்துக் குமுறுகிறேன், அவருக்கு நான் யாரோ.

நேராக ஓரத்து அலமாரிக்குப் போனேன். இருப்பதிலேயே விலை குறைந்தது, இருப்பதிலேயே மெதுவானது. நாலு ஜி.பி. ராம். “உங்களுக்கு இது தாராளமா போதும் சார்,” என்று தேன் ஒழுகச் சொன்னேன். உறையட்டும். திரையில் அந்த வட்டம் சுற்றிச் சுற்றி வரட்டும். மிஷின் நின்றுவிட்டது என்று இவர் சொல்ல, எவனாவது இவரைப் பார்த்து உனக்குத்தான் ஒண்ணும் தெரியல என்று சொல்ல வேண்டும். அன்றுதான் எனக்கு நல்ல தூக்கம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார். “உன் பழிக்கு எத்தனை வருஷம் வாரண்டி?” அவரோடு பேச்சில்லை.

மார்ச் 10

புகார் வரவில்லை.

மார்ச் 14

வரவில்லை. புதுசுதானே, கொஞ்ச நாள் ஓடும். வரட்டும், இருக்கிறது.

மார்ச் 22, சனி

வந்தார். “என்ன சார், ஏதாவது பிரச்சினையா” என்று கேட்க முகத்தைத் தயார் செய்துகொண்டேன். என் கையில் ஒரு சாக்லேட் டப்பாவை வைத்தார்.

“எல்லாக் கடையிலயும் பெருசாத் தலையில கட்டத்தான் பாத்தாங்கம்மா. நீ ஒருத்திதான் உண்மையச் சொன்ன.”

உட்கார்ந்து வேறு கதை சொன்னார். காலையில் செய்தி படிக்கிறாராம். கரண்ட் பில் கட்டுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு மகனோடு வீடியோவில் பேசுகிறாராம். பத்திரிகைகளுக்குக் கடிதம் அடிக்கிறாராம். ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பாராம். லேப்டாப் நின்று யோசித்தால் அவரும் பொறுமையாக டீ குடிப்பாராம்.

இப்படி உபயோகிக்கிற ஆளுக்கு அந்த லேப்டாப் தாராளமாகப் போதும். எனக்குத் தெரியாதா? தினமும் இதைத்தானே விற்கிறேன். ஆத்திரத்தில் தொழில் மறந்துவிட்டது. விஷம் என்று நினைத்து டானிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சாக்லேட்டை வீட்டுக்காரர் தின்றார். நான் தொடவில்லை.

ஏப்ரல் 5

கண்ணாடி ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நடைப்பயிற்சி நண்பர், பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் டீச்சர், முடி வெட்டுபவர். எல்லாருக்கும் அதே மாடல்தான் வேண்டும். எல்லாருக்கும் அது போதுமானதாகவும் இருந்து தொலைகிறது. ஆஃபருக்கு முகமே சரியில்லை. “கடைய இழுத்து மூடணும்னு முடிவே பண்ணிட்டியா?”

நேர்மையான பொண்ணு என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிக் கொடுக்கிறார். யார்? என்னை ஒன்றும் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொன்ன அதே வாய்.

ஏப்ரல் 19

காய்ச்சல் லீவு முடிந்து போனேன். நான் இல்லாத நாளில் கண்ணாடி தன் மகளுக்கும் அதையே வாங்கிப் போயிருக்கிறார். பில் போட்டவர் சொன்னார்: “அந்தக் கடைப் பொண்ணு போதும்னு சொன்னா போதும்னு எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு.”

மே 3, சனி

மகள் தனியாக வந்தாள். கல்யாண வீடியோ எடிட் செய்கிற வேலை. இப்போதுதான் தனியாகத் தொடங்கியிருக்கிறாளாம். அந்த லேப்டாப்பில் வீடியோவைத் திறந்தாலே உறைகிறது. முதல் ஆர்டரே தாமதம். இன்னும் இரண்டு வாரத்தில் கொடுக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவதாக அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

“அப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன்க்கா. அதே மிஷின்தான் என்கிட்டயும் இருக்கு, நல்லாத்தான் ஓடுது, உனக்குத்தான் ஒண்ணும் தெரியலங்கறாரு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மே 4

தூக்கம் இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எரியட்டும், அவர் வீடுதானே எரியுது, எனக்கென்ன? நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அந்தப் பொண்ணு தொழில் படுக்கும், அப்பனும் மகளும் முட்டிக்கொள்வார்கள். கேட்டதெல்லாம் தட்டில் வந்திருக்கிறது.

ஆனா அந்த வார்த்தை! எனக்குச் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாம. அதுவும் நான் வித்த மிஷினைக் காட்டி, நான் சொன்னதைச் சாட்சிக்கு வச்சு. நான் அவருக்குன்னு வச்சதை எடுத்து அவ தலையில கட்டிட்டாரே. இந்தப் பொண்ணு அழுதா அது எனக்கு எந்தக் கணக்கில் வரவு? அவருக்கு உறைக்க வேண்டாமா?

அவருக்கு உறைக்க வேண்டும். அவருக்கு மட்டும்.

காலையில் மகளுக்கு ஃபோன் செய்தேன். அப்பாவையும் கூட்டி வா, அவர் லேப்டாப்பையும் எடுத்து வரச் சொல் என்றேன்.

மே 10, சனி

வந்தார்கள். கடையில் நல்ல கூட்டம். அதற்காகத்தான் சனிக்கிழமை சொன்னேன்.

கண்ணாடியை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய சொந்த லேப்டாப்பை முன்னால் வைத்து, மகள் எடிட் செய்கிற கல்யாண வீடியோவை அவள் பென்டிரைவிலிருந்து திறக்கச் சொன்னேன். திறந்தார். மணப்பெண் பாதி சிரிப்பில் நின்றுவிட்டாள். வட்டம் சுற்றியது. ஒரு தடவை தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். மணப்பெண் மறைந்து திரை வெள்ளையானது.

“என்னம்மா இது?”

“பொறுங்க சார்.”

பொறுத்தார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் காது சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

“மிஷின் நின்னுடுச்சு போலிருக்கு,” என்றார்.

“அப்படியா சார்? உங்களுக்கு ஓட்டத் தெரியலையோ என்னவோ.”

சட்டென்று நிமிர்ந்தார். நான் குரலை இறக்கவில்லை. “மிஷின்தான் சார். உங்க வேலைக்கு இது போதும். இவங்க வேலைக்குப் போதாது. உங்க பொண்ணுக்கு வேலை நல்லாவே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால ஆண்டறிக்கை அழிஞ்சப்போ நானும் உங்ககிட்ட இதத்தான் சொன்னேன்.”

அவர் கண்ணாடியை மேலே ஏற்றி, முதல்முறையாக அதன் வழியாக என்னைப் பார்த்தார். நேரம் பிடித்தது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை.

எடிட் வேலை தாங்குகிற மாடலைக் காட்டினேன். மூன்று மடங்கு விலை. தள்ளுபடிகூடக் கேட்காமல் வாங்கினார். ஆஃபர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அதுவும் முதல்முறை. மகள் போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“திருப்தியா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். முக்கால்வாசி என்றேன்.

மே 17

மகளிடமிருந்து செய்தி. வீடியோவைக் கொடுத்துவிட்டாளாம், அடுத்த ஆர்டரும் வந்துவிட்டதாம். கண்ணாடி கடைப் பக்கம் வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

ஒரு முதியவர் வந்தார். பூங்காவில் கூட நடக்கிற ஒரு சார் அனுப்பினாராம். என்ன வேலைக்கு என்று கேட்டேன். பேப்பர் படிக்க, பேரனோடு பேச. ஓரத்து அலமாரியிலிருந்து அதையே எடுத்து வைத்தேன். பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“நீங்க அவர்கிட்ட வேலை பாத்தவங்களாமே. அப்போ மிஷின்லதான் கோளாறு, அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, நான்தான் காதுல வாங்கலன்னு சொன்னாரு.”

திட்டியது கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு. திருத்தியது பூங்காவில் ஒரே ஒருவரிடம். எனக்கு அந்த வரவு செலவு ஒத்துவரவில்லை.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா,” என்றேன். “அங்க பில்லிங்ல இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

பாவம், நல்ல மனிதர். எழுந்து நின்று மறுபடியும் சொன்னார்.