பாட்டில் வரும் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் முதல் பாட்டு வெளியாகிறது. யாராவது வந்து போட்டுக் காட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதில் ஓர் அப்பா குடித்துவிட்டு மகனை அடிக்கிறார். அது நீங்கள் இல்லை.

ராப் பாடும் புதியவர்களுக்கென்று எங்கள் இசைக் கம்பெனி தனிப் பிரிவு நடத்துகிறது அல்லவா? அதன் மேனேஜர் என் வரிகளைப் படித்துவிட்டு, "இதுல கோபமே இல்லையே தம்பி. உங்கப்பா உன்னை அடிச்சதே இல்லியா?" என்றார்.

"அவர் டெய்லர் சார். சட்டை போட்டுப் பாக்கும்போது குண்டூசி குத்துதான்னு பத்து தடவை கேப்பாரு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "அதெல்லாம் எடுபடாதுப்பா" என்று அவரே வரிகளை மாற்றினார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடிவிட்டேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியாமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன வேலை. மேடைக்கு இவர்கள் கொடுத்த சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புங்கள். பழைய அளவே போதும், நான் இளைக்கவில்லை.

வீடியோ எடுக்கக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். பாட்டைக் கேட்டால் கடைசி வரி வரை கேளுங்கள். அங்கே என் குரல் தழுதழுப்பதை இங்கே எல்லாரும் பிரமாதமான நடிப்பு என்கிறார்கள். எனக்கு நடிக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகன்