ஐம்பது பவுண்டு வில்

ஜூலை 6
காலையிலிருந்து மழை. மட்டாஞ்சேரிச் சந்தில் முழங்கால் தண்ணீர். கும்பளங்கியில் நாங்கள் மீன் வளர்க்கும் குளத்துக்குப் போய் வந்தேன். வெள்ளத்தோடு உள்ளே வந்த முதலை வாய் மீன் இன்னும் அங்கேதான். யாரோ தொட்டியில் வளர்த்து ஆற்றில் விட்ட சனியன். வலையை இரண்டு தடவை கிழித்துவிட்டது. நாங்கள் விட்ட கரிமீன் குஞ்சுகளைத் தின்றுகொண்டே இருக்கிறது. இந்தக் குளத்தை நம்பித்தான் என் மனைவி செல்வி ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலையை விட்டாள்.

ஜூலை 7
கலூர்க் கடையில் மீன் அடிக்கும் வில் வாங்கியாச்சு. அம்பின் வாலில் கயிறு.
"நாப்பது பவுண்டு இழுவை மதி சேட்டா, போதும். மீன் மூச்செடுக்க மேலே வர்ற நேரம் சட்டுனு இழுக்கணும்" என்றாள் கடைக்காரப் பெண்.
நான் மிளகு மூட்டை தூக்கியவன். நாற்பதா? ஐம்பதுக்கு முறுக்கச் சொன்னேன்.

ஜூலை 8
மேலே வந்தது, காற்றைக் குடித்தது, போய்விட்டது. நான் பாதி இழுப்பில். நாள் முழுக்க இதே கதை. முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக் காத்திருந்தால் தோள் நடுங்கி அம்பு சேற்றில்.
"வில்லைக் கொஞ்சம் தளத்திக்குங்களேன்" என்றாள் செல்வி, கரையில் குடையோடு. எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

ஜூலை 10
வலது கை தூக்க வரவில்லை. தைலம், கொசுவர்த்தி வாங்கணும். தீனி போட்டால் குஞ்சுகள் கரையோரம் மொய்க்கும். இன்று தண்ணீர் அசையவே இல்லை. பயமாக இருக்கிறது. என்ன செய்வேன்.

ஜூலை 11
மறுபடி கலூர். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வில்லில் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினாள். "இப்ப நாப்பது." அவ்வளவுதான் வேலை.
மத்தியானம் குளம். மூக்கு தெரிந்ததும் இழுத்தேன். வலியோடும் வில் வளைந்தது. தண்ணீர் கண்ணை ஏமாற்றும்; தெரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே குறி. அம்பு ஏறிவிட்டது! கயிறு உள்ளங்கையை அறுக்க, செல்வியும் சேர்ந்து இழுத்தாள். என் இடுப்பு உயரம் இருந்தது. பக்கத்துக் குளத்துச் சேட்டன் ஓடி வந்து "அடிபொளி!" என்றார்.
பிறகு வீச்சுவலை போட்டோம். குளம் முழுக்க. மூன்றே கரிமீன் மிச்சம். செல்வி அவற்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டாள்.

ஜூலை 12
முதல் நாளே அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தால்… என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். செல்வி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். அடுக்களையில் போன் பேசுகிறாள்.
"சேட்டா, செல்வியாக்கும். ஆ, பழைய செல்விதான். பாத்திரம் கழுவ ஆள் வேணுமா?"